பொய் சொன்ன முள்

என் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் டெம்பரேச்சர் முள் பத்தே நிமிடத்தில் சிவப்பைத் தொட்டுவிடும். ஆனால் எஞ்சின் கொதிக்கவில்லை, தண்ணீரும் குறையவில்லை. சென்சார்தான் போச்சு என்று புதிதாக மாட்டினேன், வீண் செலவு.

அப்புறம்தான் கவனித்தேன், பெட்ரோல் முள்ளும் வழக்கத்தைவிட மேலேயே நின்றது. இரண்டும் சேர்ந்து பொய் சொன்னால் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைத்தான் சந்தேகப்பட வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டைச் சராசரியாக 10 ஆக்கி இரண்டு மீட்டருக்கும் தருவது அதுதான். மீட்டர் பலகையைக் கழற்றினால், ஸ்டெபிலைசரின் தகர உடல் உட்காரும் இடம் முழுக்கத் துரு. எர்த் கிடைக்காமல் முழு வோல்ட்டையும் அப்படியே அனுப்பியிருக்கிறது!

உப்புத்தாளால் தேய்த்து, திருகை இறுக்கி, தனியாக ஓர் எர்த் வயரும் போட்டேன். (பேட்டரி வயரை முதலில் கழற்றிவிடுங்கள், நான் மறந்து ஒரு ஃபியூஸைப் பறிகொடுத்தேன்.) இப்போது டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது. பெட்ரோல் முள்தான் உண்மையைச் சொல்லி வயிற்றைக் கலக்குகிறது.