‘ஸாரி சொல்லு, கை கொடு’ என்று முடித்துவிடாதீர்கள்

எனக்குத் தெரிந்த ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளியில் தண்ணீரே குடிக்கமாட்டான். காலையில் நிரப்பிய பாட்டில் மாலையில் அப்படியே வீடு திரும்பும். குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும். அங்கே அவனை மிரட்ட மூன்று பேர் காத்திருப்பார்கள். சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவரிடம் போன பிறகுதான் வீட்டில் விஷயம் தெரிந்தது. அதுவரை, வயிற்றுவலி என்று நாடகமாடுகிறான் என்று அவனுக்குத் திட்டுதான் விழுந்தது. நாள்பட்ட பயம் உடம்பில்தான் முதலில் பேசும். ஞாயிற்றுக்கிழமை இல்லாத வலி திங்கட்கிழமை வந்தாலும் அது பொய்வலி ஆகிவிடாது.

தெரிந்த பிறகு நாம் செய்வது இன்னும் மோசம். தலைமையாசிரியர் அறையில் இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்தி, “ஸாரி சொல்லு, கை கொடு” என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். சமபலம் உள்ள இருவர் அடித்துக்கொண்டால் சமரசம் பேசலாம். இங்கே ஒருவன் மாதக்கணக்காக மிரட்டுகிறான், மற்றவன் மாதக்கணக்காக நடுங்குகிறான். கைகுலுக்கும்போது மிரட்டியவன் மற்றவன் விரல்களை நெரித்தது அந்த அறையில் யார் கண்ணிலும் படவில்லை.

புகார் கொடுத்தவரைப் பாதுகாக்காமல் விடுவது உயிருக்கே உலைவைக்கும். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில், சாதிரீதியாகத் தொல்லை கொடுத்த சக மாணவர்களைப் பற்றி பிளஸ் டூ மாணவர் ஒருவர் பள்ளியில் சொன்னார். அவர்கள் வீடு புகுந்து அவரையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். எனவே விசாரணைக்கு முன்பே, இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் யார் நிற்பார், வீடு வரை யார் துணைவருவார் என்பது முடிவாகியிருக்க வேண்டும்.

மனநல ஆலோசகரிடம் அழைத்துப்போவதிலும் கோளாறுகள் உண்டு. வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், மாமா, ஆலோசகர் என்று ஆளுக்கொரு முறை கதையைச் சொல்லவைத்தால் பிள்ளை அத்தனை முறையும் அடிவாங்குகிறான். நல்ல ஆலோசகர் தூக்கத்தையும் பதற்றத்தையும் முதலில் கவனிப்பார். பேச வராத சிறுவனிடம் படம் வரையச் சொல்வார். வெளியே வந்ததும் “உள்ளே என்ன சொன்னாய்?” என்று துருவாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அவரே உங்களிடம் சொல்வார்.

“செத்துப்போகலாம் போலிருக்கிறது” என்று பிள்ளை சொன்னால் மட்டும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது. தனியே விடாதீர்கள், நேரடியாகக் கேளுங்கள், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இரவிலும் இலவசமாகக் கிடைக்கும்.

தொல்லை கொடுத்தவனை விட்டுவிட்டு இவனை மட்டும் ‘தைரியம் வளர்க்க’ கராத்தேயில் சேர்ப்பதை நான் எப்போதும் எதிர்ப்பேன். குறை இவனிடம்தான் என்று நாமே முத்திரை குத்துகிறோம்.

கடைசியாக, ஆலோசனையைப் பாதியில் நிறுத்துவது. அந்தப் பையன் வீட்டிலும் நான்காவது சந்திப்போடு நிறுத்தினார்கள். பாட்டில் காலியாக வரத் தொடங்கியிருந்தது. அடுத்த மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், கழிப்பறைக் கதவுக்கு வெளியே அப்பா நின்றால்தான் உள்ளே போவேன் என்று அழுதிருக்கிறான். மறுவாரம் மீண்டும் அழைத்துவந்தார்கள்.