மேலாண்மைக் குழுவுக்கு வந்துவிட்டீர்களா? முதலில் தீர்மானப் பதிவேட்டைக் கேளுங்கள்

எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு நான் தலைவி. புதிதாகக் குழுவுக்கு வரும் அம்மாக்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுதான்: "எனக்கு என்னக்கா தெரியும், நான் போய் என்ன கேக்கறது?" உங்கள் பிள்ளை அங்கே படிக்கிறது. கேட்பதற்கு அந்த ஒரு தகுதி போதும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவே குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது.

முதல் கூட்டத்திலேயே தீர்மானப் பதிவேட்டை வாங்கிப் படியுங்கள். எது நடந்தது, எது மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது என்று அதில் தெரிந்துவிடும். குழுவின் பலமெல்லாம் தீர்மானத்தை எழுதும் விதத்தில்தான் இருக்கிறது. "கழிப்பறை வசதியை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "பெண் பிள்ளைகள் கழிப்பறையில் இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தலைமையாசிரியர் பள்ளி மானியத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்குள் போட்டுத் தர வேண்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டம் அந்த வரியை வாசித்துத்தான் தொடங்க வேண்டும். எழுதி முடித்து வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. "அப்புறம் எழுதிக்கறோம்மா" என்று எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள்.

பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பள்ளிக் கல்விக்கான மத்திய அரசுத் திட்டமான சமக்ர சிக்ஷாவின் விதிப்படி 31 முதல் 100 பேர் வரை 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000. வங்கிப் புத்தகத்தையும் பில்களையும் கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். பில்லில் மின்விசிறி என்றிருந்தால் எழுந்துபோய் அது சுற்றுகிறதா என்று பாருங்கள். இது சந்தேகப்படுவது ஆகாது. நேர்மையான தலைமையாசிரியருக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

பாடம் நடத்துவதில் மட்டும் தலையிடாதீர்கள். நடுவகுப்பில் நுழைந்து ஆசிரியரைக் கேள்வி கேட்பது பிள்ளைகள் முன் அவரைச் சிறுமைப்படுத்துவது. அதற்குப் பதில், நின்றுபோன பிள்ளைகளின் பெயர்களைக் கேளுங்கள். அந்த வீடுகளுக்கு நாம் போகலாம். வாத்தியார் போய்ச் சொன்னால் அடங்காத தகப்பன்கூட, பக்கத்துத் தெரு அக்கா சொன்னால் கேட்பார்.

ஆசிரியர் பற்றாக்குறை என்றால் சட்டத்தின் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்: தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று பேர். தீர்மானத்தின் நகலோடு வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். கட்டடம், சுற்றுச்சுவர், தண்ணீர் என்றால் கிராம சபைக்கும் கொண்டு போங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களுக்கு ஊரே வரும்; அங்கேயும் தீர்மானமாக ஏற்றச் சொல்லுங்கள். எந்த மனு கொடுத்தாலும் நகலில் தேதி போட்டு முத்திரையோடு ஒப்புகை வாங்கி, அதைப் பதிவேட்டிலேயே ஒட்டி வையுங்கள்.