வீட்டில் ஒருவருக்கு மனசு சரியில்லையா? உளவியலாளரிடம் போவது எப்படி

என் சித்தி மகன் நான்கு மாதம் அறைக்குள்ளேயே கிடந்தான். மொபைலைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்றார் ஒரு மாமா, கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர், நடுவில் குறி கேட்டு, தாயத்துக் கட்டி, எல்லாம் ஆன பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அந்த நான்கு மாதம் உங்கள் வீட்டில் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், யாரிடம் போவது? மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் மருந்து எழுத மாட்டார்; பேச்சு வழியாகவும் பயிற்சிகள் வழியாகவும் சிகிச்சை தருவார், குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசுவார். பல பேருக்கு இரண்டு பேருமே தேவைப்படுவார்கள். தனியாரிடம் போவதாக இருந்தால், மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சில் என்ற அரசு அமைப்பில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, முறையாகப் படித்தவர் பதிவு எண்ணைத் தயங்காமல் சொல்வார்.

காசு இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் போய் விசாரியுங்கள். அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எந்தக் கிழமை வருகிறது என்று கேட்டுக்கொண்டால் பஸ் செலவும் மிச்சம். எங்கே தொடங்குவது என்றே புரியவில்லையா, 14416-க்கு போன் போடுங்கள். 2022 அக்டோபரில் ஆரம்பித்த டெலி மானஸ் சேவை அது. இலவசம், இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

போவதற்கு முன் ஒரு பழைய நோட்டை எடுங்கள். எப்போது தூங்குகிறார், எப்போது எழுகிறார், சாப்பாடு எப்படி, இந்த மாற்றம் எப்போதிலிருந்து, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, ஏற்கெனவே என்ன மாத்திரை ஓடுகிறது. ஒரு பக்கம் எழுதினால் போதும். கோவிலுக்கோ தர்காவுக்கோ போனதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதைத் தொடர்ந்தாலும் பரவாயில்லை, மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்காவை ஒட்டிய மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்து செத்தார்கள். அவர்களையும் அவரவர் வீட்டார் குணமாகும் என்று நம்பித்தான் அங்கே விட்டிருந்தார்கள்.

வர மறுக்கிறவரைப் பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். "உனக்குப் பைத்தியம்" என்று ஆரம்பித்தால் யார்தான் வருவார்கள்? "நீ சரியாத் தூங்கி ரொம்ப நாளாச்சு, ஒருதடவை கேட்டுட்டு வரலாம், நானும் கூட வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் நீங்கள் மட்டுமாவது போய்ப் பேசுங்கள், வீட்டில் என்ன செய்யலாம் என்பதற்கு வழி கிடைக்கும்.

உளவியலாளர் அறைக்குள் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். தம்பியைப் பார்த்து "எப்படித் தூங்குறீங்க?" என்று அந்த உளவியலாளர் அம்மா கேட்டார். சித்தி பதில் சொன்னாள். அடுத்த கேள்விக்கும் சித்திதான். மூன்றாவது தடவை, கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார். அப்புறம் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார்: "நீங்க எப்படித் தூங்குறீங்க?" நான்கு மாதத்தில் யாருமே அவளிடம் கேட்காத கேள்வி. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அப்படி அழுதாள். அதனால் சொல்கிறேன், உள்ளே போனால் சிகிச்சைக்கு வந்தவரைப் பேச விடுங்கள், உங்கள் முறை வரும்போது உங்கள் கஷ்டத்தையும் சொல்லுங்கள். அவர் தனியாகச் சொன்னது என்ன என்று வெளியே வந்ததும் குடையாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே அவருக்கு அந்த ரகசியத்துக்கு உரிமை தருகிறது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்கள் வேலை ஆரம்பம். இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் என்று வரும் மனச்சிதைவு நோய் உள்ளவர் வீடு திரும்பியதும் நோய் ஏன் மறுபடி வருகிறது என்று லண்டனில் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் பல வருடம் ஆராய்ந்தார்கள். குத்தல் பேச்சும் வெறுப்பும், அதேபோல எல்லாவற்றிலும் தலையிட்டு மூச்சு முட்ட வைக்கும் அக்கறையும் உள்ள வீடுகளில்தான் அதிகம் திரும்புகிறது என்று கண்டார்கள். "சும்மா தின்னுட்டுத் தூங்குற" என்ற ஒரு வரியை விட்டாலே பெரிய விஷயம். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைப்பார்கள். பக்குவமாகப் பேசுவதும் சிகிச்சையில் ஒரு பாகம், வீட்டுக்காரர்களும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதால்தான்.

செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு கிராமங்களில் விவசாயிகள் தங்கள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பொதுவான ஓர் இடத்தில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டியில் வைத்தார்கள். தற்கொலைத் தடுப்புக்காகச் செய்த ஏற்பாடு அது. உங்கள் ஊர் விவசாயச் சங்கத்திலும் மகளிர் குழுவிலும் இதைப் பேசிப் பாருங்கள்.

ஒரே தடவையில் மாற்றம் தெரியாது. முதல் சந்திப்பு பெரும்பாலும் விவரம் கேட்பதிலேயே போய்விடும். நாலைந்து தடவை போன பிறகும் ஒட்டவில்லை என்றால் வேறொருவரிடம் மாறலாம், அதற்குள் விட்டுவிடாதீர்கள். அடுத்த தேதியை அங்கேயே வாங்கி, காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, அன்றைக்கு யார் கூடப் போவது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.