ஜப்பானிய ஏலத்தில் பழைய வீடியோ கேம் வாங்குவது எப்படி: வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய கன்சோல்களுக்கான கேம்களைத் தேடிச் சேகரிப்பவர்கள், எந்த நாட்டில் இருந்தாலும், ஒருநாள் ஜப்பானிய ஏலத்தளங்களுக்கு வந்தே தீருகிறார்கள். நின்டெண்டோ நிறுவனத்தின் கன்சோல்களான ஃபேமிகாம் 1983 ஜூலையிலும் சூப்பர் ஃபேமிகாம் 1990 நவம்பரிலும் வெளிவந்த அந்த நாட்டில், பெட்டி, கையேடு, உள்ளே செருகியிருந்த அஞ்சலட்டை வரை எதுவும் தொலையாத பிரதிகள் இன்றும் வீட்டுப் பரண்களிலிருந்து இறங்கி விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவை வந்து சேரும் முக்கியமான இடம் 1999இல் தொடங்கிய யாஹூ ஜப்பான் ஏலத்தளம். ஈபே 2002இல் ஜப்பானை விட்டு வெளியேறிய பிறகு அங்கே ஏலம் என்றாலே இதுதான் என்றாகிவிட்டது. நிலையான விலையில் தனிநபர்கள் விற்கும் மெர்காரியும் உண்டு. ஆனாலும் மொத்தமாகச் சேர்த்து விற்கப்படும் கார்ட்ரிட்ஜ்களுக்கும் (கன்சோலில் செருகும் கேம் பெட்டிகளுக்கும்) அரிய பதிப்புகளுக்கும் முதலில் பார்க்க வேண்டியது ஏலத்தளத்தைத்தான் என்பது என் கருத்து.

இந்தத் தளத்தில் வெளிநாட்டில் இருப்பவர் நேரடியாக ஏலம் கேட்பது நடைமுறையில் இயலாத காரியம். கணக்கைச் சரிபார்க்க ஜப்பானியத் தொலைபேசி எண் தேவைப்படுகிறது. விற்பவர்களில் பெரும்பாலோர் உள்நாட்டு முகவரிக்கு மட்டுமே அனுப்புகிறார்கள். பிரிட்டனிலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளிலும் இருப்பவர்களுக்கு 2022 ஏப்ரலிலிருந்து தளத்தைத் திறந்து பார்க்கும் வழியும் அடைக்கப்பட்டுவிட்டது. ஆகவே பையீ, ஜென்மார்க்கெட், ஃப்ரம் ஜப்பான் போன்ற இடைமுகவர் சேவைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் சார்பில் ஏலம் கேட்டு, பணம் கட்டி, பொருளை ஜப்பானிலுள்ள தங்கள் கிடங்கில் பெற்றுக்கொண்டு, நீங்கள் சொல்லும்போது உங்கள் ஊருக்கு அனுப்பிவைப்பது இவர்கள் வேலை. சில சேவைகளில் முன்பணம் கட்டியிருந்தால்தான் ஏலம் கேட்கவே முடியும். கிடங்கில் எத்தனை நாள் இலவசமாக வைத்திருப்பார்கள், பல பொருள்களை ஒரே பார்சலாகக் கட்டித்தருவதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்ற இரண்டையும் கணக்குத் தொடங்கும் முன்பே படித்துக்கொள்ளுங்கள். சேவைக்குச் சேவை பெரிதும் வேறுபடுவது இந்த இரண்டும்தான்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இடறுவது செலவுக் கணக்கில்தான். திரையில் தெரியும் ஏலத்தொகை நீங்கள் தரப்போகும் விலை அல்ல. அதனுடன் ஜப்பானுக்குள் அனுப்பும் செலவு, முகவர் கட்டணம், பணம் மாற்றும் செலவு, பன்னாட்டு அஞ்சல் செலவு, உங்கள் நாட்டு வரி ஆகியவை சேரும். விற்பவர் தனிநபராக இல்லாமல் கடையாக இருந்தால், ஏலத்தொகையின் மேல் 10 சதவீத நுகர்வு வரியும் சேரக்கூடும். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒற்றைச் சூப்பர் ஃபேமிகாம் கார்ட்ரிட்ஜ் 500 யென்னுக்குக் கிடைத்தது, உள்நாட்டு அஞ்சல் 400, முகவர் கட்டணம் 500, பன்னாட்டு அஞ்சல் 1,500 என்று வைத்துக்கொண்டால் அது வீடு வந்து சேரும்போது 2,900 யென் ஆகிவிடுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கே சொன்னதுபோல் இருக்கிறது. இதையே பத்துக் கார்ட்ரிட்ஜ்கள் கொண்ட தொகுப்பாக 2,500 யென்னுக்கு எடுத்து, உள்நாட்டு அஞ்சலுக்கு 800, முகவருக்கு 500, பன்னாட்டு அஞ்சலுக்கு 3,000 கொடுத்தாலும் மொத்தம் 6,800 யென்தான். ஒன்றுக்கு 680 யென் விழுகிறது. ஆகவே முதலில் வீட்டு வாசலில் எவ்வளவுக்குள் அடங்க வேண்டும் என்று முடிவு செய்து, அதிலிருந்து செலவுகளை ஒவ்வொன்றாகக் கழித்து, மிஞ்சுவதையே உங்கள் உச்ச ஏலத்தொகையாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் மற்றவற்றைப் போகப்போகக் கற்றுக்கொள்ளலாம்.

தேடும்போது ஆங்கிலப் பெயரைத் தட்டச்சு செய்தால் கிடைப்பது மிகக் குறைவு. கேமின் விக்கிப்பீடியா பக்கத்தைத் திறந்து, அதன் ஜப்பானிய மொழிப் பக்கத்துக்கு மாறி, அங்குள்ள தலைப்பை நகலெடுத்துத் தேடுவதே சிறந்த வழி. மேற்கில் வேறு பெயரில் வெளிவந்த கேம்களுக்கு இது மிகவும் தேவை. அதோடு, நிகழும் ஏலங்களை விட முடிந்துபோன ஏலங்களை முதலில் பாருங்கள். அண்மையில் அதே கேம் என்ன நிலையில், என்ன தொகைக்குப் போனது என்பதை அங்கே காணலாம். சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஜப்பானில் மட்டும் 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற கேம். அதன் வெறும் கார்ட்ரிட்ஜுக்காக யாரோடும் போட்டியிட வேண்டியதில்லை, அடுத்த வாரமும் கிடைக்கும்.

ஏல விவரத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் படிக்கலாம். ஆனால் சில சொற்களின் கனம் மொழிபெயர்ப்பில் முழுதாக வராது. 'தோசா காகுனின்ஸுமி' என்றால் இயங்குவதைச் சோதித்துப் பார்த்தோம் என்று பொருள்; பல நேரங்களில் தலைப்புத் திரை வந்ததைப் பார்த்ததோடு சோதனை முடிந்திருக்கும், சேமிப்பு வேலை செய்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். 'மிகாகுனின்' என்றால் சோதிக்கவில்லை. 'ஜங்க்' என்று எழுதியிருந்தால், எந்தக் குறை இருந்தாலும் கேள்வி கேட்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு வாங்குகிறீர்கள். 'ஹாகோசெட்ஸு' பெட்டியும் கையேடும் உண்டு என்பதையும், 'சோஃப்ட்டோ நோமி' கேம் மட்டுமே என்பதையும் குறிக்கும். 'ஓபி' என்பது சாட்டர்ன், பிளேஸ்டேஷன் குறுந்தகடு உறைகளின் முதுகில் மடித்துச் செருகியிருக்கும் தாள்பட்டை. சேகரிப்பவர்கள் அதற்காகவே கூடுதல் விலை தருகிறார்கள்.

ஜங்க் என்ற சொல்லைக் கண்டு முழுதாக ஒதுங்கவும் வேண்டாம், முழுதாக நம்பவும் வேண்டாம். கார்ட்ரிட்ஜ்களைப் பொறுத்தவரை, விற்பவரிடம் கன்சோல் இல்லாததாலேயே அப்படிப் போடுவது மிகப் பொதுவானது. தொடுமுனைகளைத் துடைத்தால் பெரும்பாலானவை இயங்கிவிடும். கன்சோல்கள் அப்படியல்ல. குறுந்தகட்டுக் கன்சோல்களில் லென்ஸ் தேய்ந்தது, பிசி இன்ஜின் டுவோ, கேம் கியர் போன்றவற்றில் கப்பாசிட்டர் கசிந்தது, 1986இல் வந்த ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டத்தில் ரப்பர் பெல்ட் இளகி அறுந்தது ஆகியவற்றைக் கையில் சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகியவர்கள் மட்டுமே எடுத்துக்கொள்வது நல்லது.

விவரத்தை விடப் படங்களுக்கு அதிக நேரம் கொடுங்கள். கார்ட்ரிட்ஜின் முன்பக்கம், பின்பக்கம், தொடுமுனைகள் மூன்றும் தெரிய வேண்டும். ஃபேமிகாம் கார்ட்ரிட்ஜின் பின்புறத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிய பெயரை அடிக்கடி காண்பீர்கள். நண்பர்களுக்குள் கேம்களை மாற்றிக்கொண்ட பிள்ளைகள், தன்னுடையது தொலையாமல் இருக்க எழுதிவைத்தது அது. காஞ்சி என்னும் ஜப்பானிய எழுத்தில் எழுதியிருக்கும் ஒரு குடும்பப் பெயரும் பக்கத்தில் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரும் விலையைக் குறைக்கின்றன. விளையாடுவதற்காக வாங்குபவருக்கு அது லாபம், எனக்கு அந்த எழுத்துகள்மீது பிரியமும் உண்டு. சூப்பர் ஃபேமிகாம் உடலின் மேல்பாதி மட்டும் மஞ்சளாகிக் கீழ்ப்பாதி சாம்பல் நிறத்திலேயே இருப்பதும் இயல்பு. இயக்கத்தை அது பாதிக்காது. கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ்களில், குறிப்பாகப் போக்கிமான் வரிசையில், போலிகள் உண்டு. அசலின் லேபிளில் இரண்டு இலக்க எண் ஒன்று மை இல்லாமல் அழுத்திப் பதிந்திருக்கும். நெருக்கமாக எடுத்த படத்தில் வெளிச்சம் சாய்ந்து விழும் இடத்தில் அது தெரியும். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சேமிப்பு மின்கலம் இன்னொரு செய்தி. 1987இல் வந்த டிராகன் குவெஸ்ட் இரண்டாம் பாகத்தில் விளையாட்டைத் தொடர நீண்ட கடவுச்சொல்லை எழுதிவைக்க வேண்டியிருந்தது. 1988இல் வந்த மூன்றாம் பாகத்தில் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே மின்கலம் வைத்துச் சேமித்தார்கள். இத்தனை ஆண்டுகளில் அந்த மின்கலங்களில் பல தீர்ந்திருக்கும். கேம் இயங்கும், சேமிக்காது. பலகையில் பற்றவைத்த மின்கலத்தை மாற்றுவது கடினமான வேலை இல்லையென்றாலும், அந்தச் செலவையும் ஏலத்தொகையிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

ஏலம் கேட்கும் முறை எளிது. உங்கள் உச்சத்தொகையை ஒரே முறை கொடுத்துவிட்டால், மற்றவர்கள் கேட்கக் கேட்கத் தேவையான அளவு மட்டும் தளமே உயர்த்திக்கொண்டு போகும். பல ஏலங்கள் ஜப்பான் நேரப்படி இரவு 9 மணி முதல் 11 மணிக்குள் முடிகின்றன. அங்கே 9 மணி என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மாலை 5.30, சிங்கப்பூரில் இரவு 8, குளிர்காலத்தில் லண்டனில் நண்பகல் 12, டொராண்டோவில் காலை 7. கடைசி நொடியில் பாய்ந்து பிடிக்கும் உத்தி இங்கே அதிகம் பலிக்காது. தானாக நீளும் வசதியை விற்பவர் வைத்திருந்தால், கடைசி 5 நிமிடத்துக்குள் விலை உயரும்போதெல்லாம் ஏலம் மேலும் 5 நிமிடம் நீளும். அந்த நீட்டிப்புகளில்தான் மனிதர்கள் நிதானம் இழக்கிறார்கள். எழுதிவைத்த தொகையைத் தாண்டாதீர்கள். கேட்ட ஏலத்தை முகவர் வழியாகத் திரும்பப் பெறவும் வழியில்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் புரிந்துகொள்வது அவசியம். வாங்குபவர் பொருள் வந்துவிட்டது என்று தெரிவித்ததும் பணம் விற்பவருக்குப் போய்விடும். உங்கள் விஷயத்தில் அப்படித் தெரிவிப்பவர் கிடங்கில் பார்சலைப் பெற்றுக்கொள்ளும் முகவர். அவர் கன்சோலில் போட்டுப் பார்ப்பதில்லை. பொருள் உங்கள் கைக்கு வந்து இயங்கவில்லை என்று தெரியும்போது அந்த வியாபாரம் எப்போதோ முடிந்திருக்கும். ஆகவே விற்பவரின் மதிப்பீடுகளை, குறிப்பாகக் குறைகூறியவர்கள் எழுதியவற்றையும் அதற்கு அவர் சொன்ன பதில்களையும், ஏலத்துக்கு முன்பே படித்துவிடுங்கள்.

வாங்கியது உங்கள் வீட்டில் இயங்குமா என்பதையும் ஏலத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ் ஆகியவற்றுக்கு, ஒரு நாட்டுக் கேம் வேறு நாட்டுக் கன்சோலில் இயங்காமல் தடுக்கும் நாட்டுப் பூட்டு இல்லை. தொடங்குபவர்களுக்கு இவையே தொல்லை இல்லாதவை. ஃபேமிகாம் கார்ட்ரிட்ஜில் 60 முனைகள், அதன் மேற்கத்திய வடிவமான நின்டெண்டோ கன்சோலில் 72. இடையில் அடாப்டர் வேண்டும். சூப்பர் ஃபேமிகாம் கார்ட்ரிட்ஜ் அமெரிக்கக் கன்சோலில் நுழையாமல் தடுப்பது உள்ளிருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் முனைகள் மட்டுமே. ஐரோப்பியக் கன்சோலிலோ உருவம் பொருந்தினாலும் பூட்டுச் சிப் அனுமதிக்காது. பிளேஸ்டேஷன், சாட்டர்ன், டிரீம்காஸ்ட் மூன்றும் பூட்டுள்ளவை.

கன்சோலையே ஜப்பானிலிருந்து எடுப்பதானால் மின்சாரத்தைப் பற்றி மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஜப்பானில் 100 வோல்ட். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய நாடுகளில் 230 வோல்ட். சாட்டர்ன், பிளேஸ்டேஷன் போன்றவற்றில் மின்பகுதி உள்ளேயே இருப்பதால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் அந்தக் கணமே கருகிவிடும். ஃபேமிகாமும் சூப்பர் ஃபேமிகாமும் ஒரே வெளி அடாப்டரைப் பயன்படுத்துபவை. அது 10 வோல்ட் நேர்மின்சாரம், 850 மில்லி ஆம்பியர், நடுமுனை எதிர்மின். பொருத்தமான அடாப்டரை உள்ளூரில் வாங்கிவிட்டால் அசலைத் தேட வேண்டியதில்லை. முதல் ஃபேமிகாமில் ஆன்டெனா வழி இணைப்பு மட்டுமே உண்டு, அதுவும் ஜப்பானிய அலைவரிசையில் வருவதால், டிவியின் ஏவி துளையில் நேராக இணைக்கக்கூடிய, 1993 டிசம்பரில் வந்த ஏவி ஃபேமிகாமை எடுப்பதே புத்திசாலித்தனம்.

கிடங்கில் சில பொருள்கள் சேர்ந்ததும் ஒரே பார்சலாகக் கட்டச் சொல்லுங்கள். ஜப்பான் அஞ்சலின் பன்னாட்டு விரைவு அஞ்சலான இஎம்எஸ் எடையைப் பார்க்கிறது. டிஹெச்எல், ஃபெடெக்ஸ் நிறுவனங்கள் பார்சலின் கொள்ளளவையும் கணக்கிடுவதால், பெட்டியோடு வரும் கன்சோல்களுக்கு அவை எதிர்பாராத தொகையைக் காட்டக்கூடும். இஎம்எஸ் கட்டணத்திலேயே 20,000 யென் வரையிலான இழப்பீடு அடங்கியிருக்கிறது; அதற்கு மேல் மதிப்பிருந்தால் கூடுதல் காப்பீடு கேட்டு வாங்குங்கள். தனியாக வரும் லித்தியம் மின்கலங்களை அஞ்சலில் ஏற்க மாட்டார்கள். கருவிக்குள் பொருத்தியிருப்பவற்றுக்கும் நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால், கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி, டிஎஸ் போன்றவற்றை வாங்கும் முன் முகவரிடம் கேட்டுவிடுங்கள்.

வரியில் அண்மைக்கால மாற்றங்கள் நிறைய. அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நீங்கிவிட்டது. பிரிட்டனில் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரியும், சிங்கப்பூரில் 9 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. கனடாவுக்கு ஜப்பானிலிருந்து அஞ்சலில் வரும் பொருளுக்கு 20 கனடிய டாலரோடு விலக்கு முடிந்துவிடுகிறது. மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லியோ அன்பளிப்பு என்று குறிக்கச் சொல்லியோ முகவரை வற்புறுத்தாதீர்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது. பார்சல் தொலைந்தால் எழுதிய மதிப்புக்கு மேல் இழப்பீடும் கிடைக்காது.

பார்சல் வந்ததும் பிரிக்கும்போதே காணொளி எடுத்துக்கொண்டு, உறையையும் பொதிப்பொருளையும் சில நாள் வைத்திருங்கள். சேதத்துக்கான கோரிக்கையில் அஞ்சலகம் அவற்றைக் கேட்கலாம். கார்ட்ரிட்ஜை உடனே கன்சோலில் செருக வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் தொடுமுனைகளை, குச்சி கறுக்காமல் வரும்வரை, துடைத்து உலரவிட்டு அதன் பிறகே செருகுங்கள். முதல் முறை திரை வெறுமையாக இருந்தால் மறுபடியும் துடைத்துப் பாருங்கள்; அதன் பிறகும் இயங்காவிட்டால் மட்டுமே பழுது என்று முடிவு செய்யலாம்.