தொண்டுப் பயணமா? பணம் கட்டும் முன் ஒரு கேள்வி

வெளிநாடு போய்த் தொண்டு செய்யப் பணம் கட்டும் முன், ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: "நான் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்?" உள்ளூர்க் கொத்தனார் என்று பதில் வந்தால், அவர் கூலியில்தான் நீங்கள் கை வைக்கிறீர்கள். (கொத்துக்கரண்டி பிடிக்கத் தெரியாதவர் எழுப்பிய சுவரை அந்தக் கொத்தனாரே பிறகு இடித்துக் கட்டவும் நேரலாம்.)

குழந்தைகள் காப்பகம் என்றால் யோசிக்கவே வேண்டாம், தவிர்த்துவிடுங்கள். இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுக் கிளம்பும் ஒவ்வொருவரும் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பிரிவு. இத்தகைய பயணங்கள் குழந்தைக் கடத்தலுக்கு வழிவகுக்கலாம் என்று 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே சுட்டிக்காட்டியது.

போன இடத்தில் முதல் இரண்டு நாள் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். அந்த ஊர்க்காரர்களிடம் அவர்கள் மொழியில் பத்து வார்த்தை தப்பும் தவறுமாகப் பேசுங்கள். சிரித்துக்கொண்டே திருத்துவார்கள்; பேச்சு அங்கேதான் தொடங்கும்.