டர்போ டீசல் வண்டியில் ஈ.ஜி.ஆர். வால்வு: வாங்க முதல் பார்க்க வேண்டியது, மாற்றும்போது கவனிக்க வேண்டியது

கறுப்புப் புகை, மிதித்தாலும் இழுக்காத எஞ்சின், நிற்கும்போது நடுக்கம், டாஷ்போர்டில் மஞ்சள் லைட். இந்த நாலும் சேர்ந்து வந்தால் யாழ்ப்பாணத்தில் எந்தக் கராஜுக்குப் போனாலும் "ஈ.ஜி.ஆர். போட்டுது அண்ணை, மாத்த வேணும்" என்றுதான் முதலில் சொல்லுவார்கள். பல வேளை அது சரிதான். ஆனால் வால்வு உண்மையிலேயே செத்துப்போவது வேறு, கரி பிடித்து இறுகுவது வேறு, பழுது வேறெங்கேயோ இருக்கப் பழி இதன் தலையில் விழுவது இன்னும் வேறு. கடையில் காசைக் கொட்ட முதல் இதில் எது என்று பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

எரிந்த புகையில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்து, உள்ளே போகும் காற்றோடு கலந்துவிடுவதுதான் இந்த வால்வின் வேலை. அந்தப் புகையில் ஒட்சிசன் குறைவு என்பதால் சிலிண்டருக்குள் எரியும் வெப்பம் தணிகிறது, நைதரசன் ஒட்சைட்டுகளும் குறைகின்றன. பெரும்பாலான டர்போ டீசல்களில் புகையை, டர்போவைச் சுற்றும் சக்கரமான டர்பைனுக்குப் போக முதலே, சிலிண்டர்களின் புகை வந்து சேரும் எக்சோஸ்ட் மனிஃபோல்டில் இருந்து எடுப்பார்கள். அதனால் வால்வு திறந்தபடி இறுகினால் டர்பைனைச் சுற்ற வேண்டிய புகை குறுக்கு வழியால், காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குப் போய்விடும். பூஸ்ட், அதாவது டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறாது, டீசலுக்குக் காற்றுப் போதாமல் வண்டி கரி கக்கும். மூடியபடி இறுகினாலோ ஓட்டுகிறவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, லைட் மட்டும் எரியும்.

சரி, முதல் வேலை ஸ்கானர், அதாவது வண்டிக் கணினியில் பதிந்திருக்கும் பழுதுக் கோட்களை வாசிக்கும் கருவி. பி0401 என்றால் புகை ஓட்டம் குறைவு, பி0402 என்றால் அதிகம், பி0403 மின்சுற்றுப் பிரச்சினை, பி0404 என்றால் வால்வு சொன்னபடி நகரவில்லை. பி0299 வந்தால் பூஸ்ட் குறைவு. யப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த வண்டிகள் சில, போனோடு இணைக்கிற மலிவு ஸ்கானருக்குப் பதில் சொல்லாது. அந்தக் கம்பனி வண்டிக்கென்று உள்ள ஸ்கானர் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். பி0401 வந்த உடனே வால்வை ஓடர் பண்ணாதீர்கள். டீசல் எஞ்சினில் கணினி புகை ஓட்டத்தைப் பெரும்பாலும் காற்று அளவிடும் சென்சரை வைத்துத்தான் கணிக்கிறது: வால்வு திறந்தால் புதுக் காற்று குறைய வேண்டும், குறையவில்லை என்றால் கோட் விழும். காற்று வடிகட்டிக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சென்சரில் தூசி படிந்திருந்தாலும் இதே கோட் வரலாம். அதற்கென்று விற்கிற கிளீனரை அடித்து, தொடாமல் காயவிட்டுப் பூட்டிப் பாருங்கள். டர்போவில் இருந்து வரும் காற்றை ஆற்றுகிற இன்டர்கூலரின் ஹோஸ்களையும் கையால் தடவிப் பாருங்கள், ஒயில் கசிந்து ஈரமாக ஒரு இடம் இருந்தால் அங்கே வெடிப்பு இருக்கக்கூடும். பூஸ்ட் வெளியே போனாலும் கறுப்புப் புகைதான், இழுவைக் குறைவுதான்.

வால்வைச் சோதிப்பது அதன் வகையைப் பொறுத்தது. மேலே தட்டையான தொப்பி போல ஒன்றும் அதில் மெல்லிய ரப்பர் ஹோஸும் இருந்தால் அது வக்கியூம் வால்வு. ஹோஸைக் கழற்றிக் கைப்பம்பால் உறிஞ்சுங்கள், உள்ளே இருக்கும் தண்டு அசைய வேண்டும், வக்கியூம் இறங்காமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் ரப்பர்த் தோல் (டயஃபிரம்) கிழிந்துவிட்டது, கழுவிப் பயனில்லை. தண்டு நன்றாக அசைகிறது, ஆனால் ஓடும்போது ஹோஸில் வக்கியூமே வரவில்லை என்றால் வக்கியூமைத் திறந்து மூடும் மின்வால்வான சொலனொயிட்டையும் வெயிலில் வெடித்த ஹோஸ்களையும் பாருங்கள். இங்கத்தைய வெயிலுக்கு அந்த மெல்லிய ஹோஸ்கள் காய்ந்து வெடிப்பது சாதாரணம், மாற்றச் சின்னக் காசுதான். மின்சார வால்வு என்றால் ஸ்கானரில் திறந்து மூடச் சொல்லிப் பார்க்கலாம். மோட்டர் வேலை செய்து, கரிதான் தடுக்கிறது என்றால் கழற்றிக் கழுவினாலே பலருக்குப் போதும். மோட்டரே அசையவில்லை, அல்லது கழுவிய பிறகும் பி0404 திரும்பி வருகிறது என்றால்தான் புது வால்வு.

வாங்கும்போது மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே ஹயஸ் வானில் ஆண்டுக்கு ஆண்டு வால்வு மாறும், பழைய வால்வின் உடம்பில் அடித்திருக்கும் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் கொடுத்து வாங்குங்கள். இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பிக்கலாம். பாவித்த யப்பான் வால்வு வாங்கினால் கனெக்டரின் பின்களை எண்ணுங்கள், மூடிய நிலையில் வாசலில் கொஞ்சம் டீசல் ஊற்றிப் பாருங்கள், மறுபக்கம் ஓடினால் திருப்பிக் கொடுங்கள். பெயர் தெரியாத மலிவுப் புது வால்வை விட நல்ல நிலையில் உள்ள பாவித்த அசல் வால்வு மேல் என்பது என் எண்ணம். காஸ்கெட் மட்டும் எப்போதும் புதிது.

கழற்றுவதற்கு முதல் நாள் இரவே போல்ட்களில் துரு இளக்கும் ஒயிலை அடித்து ஊறவிடுங்கள். தீவுப் பக்கம் ஓடிய வண்டி, அல்லது பண்ணைப் பாலத்தால் தினமும் போய்வருகிற வண்டி என்றால் இதைத் தவிர்க்கவே முடியாது. உப்புக் காற்றில் இரும்பு போல்ட் அலுமினியத்தோடு ஒட்டிப்போய் இருக்கும், பலமாகத் திருகினால் தலை முறிந்து கையோடு வரும், அப்புறம் லேத் வேலைக்காரரைத் தேட வேண்டியதுதான். இறுகியிருந்தால் முதலில் கொஞ்சம் இறுக்குகிற பக்கம் அசைத்து, பிறகு கழற்றுகிற பக்கம், மறுபடி ஒயில், இப்படி மெதுவாக.

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். ஹயஸ் என்றால் எஞ்சின் முன் சீற்றுகளுக்கு அடியில்தான், சீற்றைத் தூக்கி மூடியைக் கழற்றினால் கை போகும், குனிந்தபடியே வேலை செய்ய வேண்டியிருக்கும். எந்த ஹோஸ் எங்கே என்று போனில் படம் எடுத்துவையுங்கள். வால்வோடோ, திருப்பி எடுக்கும் புகையை ஆற்றுகிற ஈ.ஜி.ஆர். கூலரோடோ தண்ணீர்க் குழாய் போகிறதா என்று பார்த்து, போனால் கூலன்ட்டை ஒரு சுத்தமான பாத்திரத்தில் இறக்குங்கள். அதை முற்றத்தில் திறந்து வைக்காதீர்கள், இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், நக்கினால் செத்துப்போகும். பிறகு கனெக்டர், உலோகக் குழாய், கடைசியில் வால்வைப் பிடிக்கும் போல்ட்கள். யப்பான் வண்டிக்கு 10, 12, 14 சொக்கெட் இருந்தால் பெரும்பாலும் வேலை முடியும்.

வால்வு வெளியே வந்ததும் இன்டேக் வாயைப் பாருங்கள். அங்கே தார் போலக் கரி படிந்து பாதை பாதியாகச் சுருங்கியிருந்தால், அதை அப்படியே விட்டுப் புது வால்வைப் பூட்டுவது வீண் செலவு. சுரண்டும்போது கரிக் கட்டி உள்ளே விழாதபடி ஆழத்தில் துணி அடையுங்கள், எத்தனை துணி அடைத்தீர்கள் என்று நினைவு வைத்திருங்கள், வக்கியூம் கிளீனரால் இழுத்துக்கொண்டே சுரண்டுங்கள். படிவு தடிப்பாக இருந்தால் மனிஃபோல்டையே கழற்றி வெளியில் வைத்துக் கழுவுவதுதான் ஒழுங்கான வேலை. கார்பரேட்டர் கிளீனரை ஓடும் டீசல் எஞ்சினின் இன்டேக்கில் அடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அது தீப்பற்றுகிற சாமான், தயவுசெய்து செய்ய வேண்டாம். பழைய வால்வைக் கழுவிப் பாவிக்கிறீர்கள் என்றால் மோட்டர் பக்கம் திரவம் படாமல், மோட்டர் மேலேயும் வாசல் கீழேயும் இருக்கப் பிடித்துக் கழுவுங்கள். மாஸ்க்கும் கையுறையும் போடுங்கள்.

பூட்டும்போது இரண்டு முகத்தையும் பழைய காஸ்கெட் துண்டு இல்லாமல் துடைத்து, உலோகக் காஸ்கெட்டை உலர்வாகவே வையுங்கள், சிலிக்கன் பூசாதீர்கள். போல்ட்கள் எல்லாவற்றையும் முதலில் விரலால் மரை ஏற்றி, பிறகு மாறி மாறி இறுக்குங்கள். 12 சொக்கெட் பிடிக்கிற 8 மில்லிமீற்றர் போல்ட் அலுமினியத்தில் ஏறுகிறது என்றால் 20 நியூட்டன் மீற்றர் அளவு போதும், உங்கள் வண்டிப் புத்தகம் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வலிகாமம் முழுக்கச் சுண்ணாம்புக் கல், நம் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்திலில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ஈ.ஜி.ஆர். கூலரின் மெல்லிய குழாய்களிலும் படியும். ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஊற்றியே கூலரை அடைத்து வைத்திருக்கிறார்கள் பலர். கலந்துவைத்த கூலன்ட், இல்லையென்றால் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்த கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். ஆறிய பிறகு மட்டம் பார்த்து நிரப்புங்கள், சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. கூலன்ட் வெளியே எங்கும் கசியாமலே குறைந்துகொண்டு போகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியவற்றில் இந்தக் கூலரும் ஒன்று.

பற்றரியை இணைத்து, பழுதுக் கோட்களை அழித்து, மின்சார வால்வு என்றால் ஸ்கானரால் அதன் நிலையைக் கணினிக்குக் கற்பியுங்கள். சில வண்டிகள் தாமே கற்கும், சிலவற்றில் இதைச் செய்யாவிட்டால் புது வால்வோடும் அதே லைட் எரியும். ஸ்டார்ட் செய்து இணைப்புகளில் டிக் டிக் சத்தம் கேட்கிறதா, கரி தெறிக்கிறதா என்று பாருங்கள்.

ஈ.ஜி.ஆர். பாதையைத் தகடு வைத்து அடைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. டீசலுக்கு இங்கே புகைப் பரிசோதனையில் பார்ப்பது புகையின் கறுப்பைத்தான், ஆகவே அடைத்த வண்டியும் சான்றிதழ் எடுத்துவிடும், வருமான அனுமதிப்பத்திரமும் கிடைத்துவிடும். ஆனாலும் பல வண்டிகளில் கோட் விழுந்து கணினி பவரைக் குறைக்கும், கண்ணுக்குத் தெரியாத வாயுவை ஊர்ப் பிள்ளைகள்தான் சுவாசிக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கரி ஏன் இவ்வளவு படிந்தது என்பதையும் ஒருக்கால் பாருங்கள். கொக்குவிலுக்கும் டவுனுக்கும் இடையில் மட்டும் ஓடுகிற வண்டி, கலியாண மண்டப வாசலில் ஏசி போட்டபடி மணிக்கணக்காக நிற்கிற ஹயர் வான், இவற்றில் எஞ்சின் நல்ல சூட்டில் பாரம் இழுத்து ஓடுவதே அபூர்வம். இடைக்கிடை ஏ9 வீதியால் வவுனியா வரை போய்வந்தால் நல்லது. டர்போவில் இருந்து வரும் குழாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள், மெல்லிய ஒயில் பூச்சு சாதாரணம், தேங்கி நின்றால் எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதரின் அடைப்பையோ டர்போ சீலையோ பார்க்க வேண்டும். ஒயிலும் கரியும் சேர்ந்துதான் அந்தத் தார் உண்டாகிறது, ஒயில் வருவது நிற்காவிட்டால் புது வால்வும் அதே வழிக்குத்தான் போகும்.

பழைய வால்வை உடனே இரும்புக்குப் போடாதீர்கள். சில நாள் ஓடி மறுபடி ஸ்கான் பண்ணுங்கள். அதே கோட் திரும்பி வந்தால் வால்வை விட்டுவிட்டு வயரிங்கையும் கூலர் அடைப்பையும் தேடுங்கள்.