மண்ணைக் காக்க வந்து மனிதரை மறக்கும் தவறுகள்: மாலியின் ஜென்னே

மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியில் உள்ள ஜென்னே ஊரின் பெரிய பள்ளிவாசல் முழுக்க முழுக்க மண். கொத்தனார் சங்கத் தலைவர் இஸ்மாயிலா த்ராவோரேயின் மேற்பார்வையில் 1907இல் கட்டி முடித்தார்கள். மழையில் கரைவதை ஈடுகட்ட ஆண்டுதோறும் ஒரு நாள் ஊரே கூடிப் பூசும். அதற்குப் பல நாள் முன்பே மண்ணில் உமி கலந்து குழிகளில் புளிக்க விடுவார்கள். சிறுவர்கள் இறங்கி மிதித்துக் குழைப்பார்கள். பெண்கள் தண்ணீர் சுமப்பார்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகள்தான் சாரம். இளைஞர்கள் அவற்றில் ஏறி வெறும் கையாலேயே அப்புவார்கள்.

பண்பாட்டுத் திட்டங்களை நடத்துபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்: கட்டடத்துக்கு நிதி ஒதுக்குகிறார்கள், அதைப் பூசும் கைகளுக்கு ஒதுக்குவதில்லை. கொத்தனாரிடம் தொழில் பழகச் சிறுவர்கள் வராமல் போனால் பத்தே ஆண்டில் அந்தக் கலவை தெரிந்த ஆள் இருக்க மாட்டார். சரி, சிமெண்ட் பூசிவிடலாமே என்பார்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும், மண்சுவர் பின்னாலிருந்து உளுத்துப்போகும்.

அடுத்தது, ஊரிடம் சொல்லாமல் இறங்குவது. 2006இல் சீரமைப்பு ஆய்வுக்காகப் பள்ளிவாசல் கூரையில் ஆட்கள் ஏறி மண்ணைக் கொத்துவதைப் பார்த்ததும் மக்கள் கொதித்தெழுந்தார்கள், கலவரமே வந்துவிட்டது. வேலை நல்ல வேலைதான். ஆனால் அது தங்கள் தொழுகை இடம், யார் எதற்காக உடைக்கிறார்கள் என்று ஊராருக்குத் தெரியவில்லை. கோபம் வராமல் என்ன செய்யும்?

எனக்கு மிகவும் வருத்தம் தருவது மூன்றாவது தவறு. 1988இல் ஜென்னே உலகப் பாரம்பரியச் சின்னமானது. தோற்றம் மாறக் கூடாது என்றாகிவிட்டது. வீட்டுச் சுவரில் சுட்ட ஓடு பதித்தால் அடிக்கடி பூசும் செலவு மிச்சம், ஆனால் அதற்கு ஆட்சேபம். பூச்சுக்கூலியோ வீட்டுக்காரர் தலையில். அழகு உலகத்துக்கு, செலவு அவருக்கு என்றால் எந்தக் குடும்பம் தாங்கும்? தடை போடுகிறவர்கள் அந்தக் கூலியில் பங்கையும் கையோடு கொண்டுவர வேண்டும். 2016இல் ஜென்னே ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலுக்குப் போனது.

அதே மாலியில் திம்பக்தூ நகரைப் பாருங்கள். 2012இல் ஆயுதக் குழுக்கள் இடித்த தர்காக்களை 2014இல் திரும்பக் கட்டத் தொடங்கியபோது, உள்ளூர்க் கொத்தனார்களிடமே வேலையை ஒப்படைத்தார்கள். பழைய அளவுகளுக்குப் பெரியவர்களின் நினைவும் கைகொடுத்தது. 2015இல் வேலை முடிந்தது.